அவள் உப்பு விற்றாளா?

முதுகலை முதலாண்டு வகுப்பில் அகநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். 140ஆம் பாட்டு. அம்மூவனார் பாடியது, நெய்தல் திணை. உப்பு விற்க ஒரு பெண் தெருவில் வருகிறாள். வளையல் ஒலிக்கக் கைவீசி நடக்கிறாள். நெல்லுக்கு உப்பு சம அளவு என்று விலை கூவுகிறாள். வேற்றுக் குரல் கேட்டு ஒரு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள். மிரண்ட அந்தக் கண்கள் சண்டையிடும் இரண்டு கயல் மீன்களைப்போல இருந்தன என்று தலைவன் தன் தோழனிடம் சொல்கிறான். அந்தக் கண்ணால் அவனுக்கு வந்த நோய்தான் பாட்டு.

பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பாட்டை நடத்துகிறேன். உவமையை விளக்குவேன். உப்புக்கு நெல் மாற்றிய செய்தியைக் காட்டி, 'சங்ககாலப் பண்டமாற்று' என்று குறித்துக்கொள்ளச் சொல்வேன். தேர்வில் அது ஐந்து மதிப்பெண் கேள்வி. அன்றும் அப்படித்தான் முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். அவளுடைய அம்மா தலையில் கூடை வைத்து மீன் விற்பவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"அம்மா, அந்தப் பொண்ணு அன்னைக்கு உப்ப வித்தாளா, இல்லையா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பாட்டில் அது இல்லை என்றேன். அது பாட்டின் நோக்கமும் இல்லை என்றேன். மணி அடித்துவிட்டது.

அந்தக் கேள்வி என்னை விடாமல் துரத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன்புதான் நான் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மனு. நடைபாதையில் கடைகள் பெருகிவிட்டன, நடக்க இடமில்லை, தெரு சீர்கெட்டுவிட்டது, ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று கேட்ட மனு. என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, கைத்தடியோடு நடப்பவர். அந்த மாதம்தான் அதே நடைபாதையில் தடுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். கையெழுத்துப் போடும்போது எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. மனு போய்ச் சேர்ந்தது. ஒரு மாலை லாரி வந்தது. பதினொரு ஆண்டுகளாக நான் பூ வாங்கிக்கொண்டிருந்த அக்காவின் இடம் மறுநாள் காலியாக இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த மாணவியின் கேள்விக்கும் என் கையெழுத்துக்கும் இடையில் எழுதப்படுவது. தெருவில் விற்கிற பெண்ணைத் தமிழ் எப்படிப் பார்த்திருக்கிறது, எதைப் பார்க்காமல் விட்டிருக்கிறது என்று மறுபடி வாசித்துப் பார்க்கிறேன்.

*

அதே அம்மூவனாரின் இன்னொரு பாட்டு, அகநானூறு 390. இதிலும் உப்பு விற்கும் பெண். சேரிதோறும் போய், நெல்லும் உப்பும் ஒரே அளவு, ஊராரே வாங்கிக்கொள்ள மாட்டீர்களா என்று கேட்கிறாள். தலைவன் அவளை மறிக்கிறான். உன் உடம்பில் இருக்கிற உப்புக்கு என்ன விலை, அது எங்களுக்குத் தெரியவில்லையே என்கிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். எங்களை வழிமறிக்க நீங்கள் யார் என்று கேட்கிறாள். ஒரு புன்னகையோடு விலகிப் போகிறாள். அவன் நெஞ்சு அவள் பின்னால் போய்விடுகிறது.

இந்தப் பாட்டை நயம் பாராட்டி எழுதிய உரைகளில்தான் நான் படித்து வளர்ந்தேன். உப்பு என்ற சொல் இரு பொருளில் வருவது எவ்வளவு அழகு என்று நானும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். இப்போது அதையே தெருவில் நின்று வாசிக்கிறேன். ஒரு பெண் சரக்கோடு நிற்கிறாள். சரக்கின் விலையைச் சொல்கிறாள். ஓர் ஆண் வழியை மறித்து அவள் உடம்பின் விலையைக் கேட்கிறான். இன்றைக்குப் பேருந்து நிலைய வாசலில் வெள்ளரிக்காய் விற்கிற எந்தப் பெண்ணிடம் கேட்டாலும், இந்தக் கேள்வியைத் தான் எத்தனை முறை கேட்டிருக்கிறாள் என்று சொல்வாள். அந்தப் புன்னகையை நாம் நாணம் என்று உரை எழுதினோம். வாடிக்கையாளராக வரக்கூடிய ஆணைப் பகைத்துக்கொள்ள முடியாத ஒரு வியாபாரியின் புன்னகையாகவும் அது இருக்கலாம். மாலைக்குள் சரக்கை விற்றாக வேண்டியவள் சிரித்துத்தான் நகர வேண்டியிருக்கிறது.

140ஆம் பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. தலைவன் தன் வேதனையை எதற்கு ஒப்பிடுகிறான் என்று பாருங்கள். சேற்றில் புதைந்த உப்பு வண்டியை இழுக்க முடியாமல் அவள் தந்தையின் எருது விடுகிற பெருமூச்சுக்கு. வண்டி சேற்றில் புதைவது உமணர்களுக்கு ஒரு தொழில் இடர். ஒரு நாள் தாமதம், மாட்டுக்கு வலி, மழை வந்தால் மூட்டை கரையும். கவிஞருக்கு அந்த இடர் தெரிந்தே இருக்கிறது. ஆனால் பாட்டில் அந்தப் பெருமூச்சு காதலிக்கும் ஆணுக்குப் போய்விடுகிறது. நாயைக் கண்டு மிரண்டது அவள். நோய் அவனுக்கு. வண்டி அவள் வீட்டு வண்டி. மூச்சு அவனுடையது.

நான் அம்மூவனாரைக் குற்றம் சொல்லவில்லை. அகமரபில் யார் பேசுகிறார்களோ அவர் நெஞ்சுதான் பாட்டு. இரண்டு பாட்டிலும் அவள் கூவிய விலையை அழிக்காமல் வைத்திருக்கிறார் என்பதே பெரிய செய்தி. குறை நம் வாசிப்பில் இருக்கிறது. கண்ணுக்கு உரை எழுதினோம். விலைக்கு எழுதவில்லை.

*

நற்றிணை 45இல் ஒரு மாற்றுக்குரல் இருக்கிறது. நெடுங்கொடி அசையும் ஊரைச் சேர்ந்த செல்வன் மகன் ஒருவன் பரதவர் குடியிருப்புக்கு வருகிறான். தோழி அவனை நிறுத்துகிறாள். இவள் மீன் பிடிப்போர் மகள், நாங்கள் மீன் உலர்த்திக் காக்கிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில்லுங்கள் என்கிறாள். தன் நாற்றத்தைத் தன் வேலையின் அடையாளமாக, ஒரு வேலியாகவே பயன்படுத்துகிறாள். தள்ளி நிற்க வேண்டியவன் அவன்தான் என்பது அவள் தீர்ப்பு.

2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய மூதாட்டி ஒருவர், மீன் நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிடப்பட்டார். பேருந்து நிலையத்தில் நின்று அவர் குமுறிய காட்சியை நாடே பார்த்தது. பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியிருந்தது. கூடைக்காரப் பெண்களின் அன்றாடச் செலவில் ஒரு பகுதியை நிஜமாகவே குறைத்த திட்டம் அது. ஆனால் கட்டணம் இல்லை என்றால் இடம் உண்டு என்று பொருளில்லை என்பதை அந்த மூதாட்டி நமக்குக் காட்டினார்.

தெருவில் 'ஒழுங்கு' என்று நாம் சொல்வதில் பாதி இந்த மூக்குச் சுளிப்புதான். நாற்றம், சத்தம், ஈ, தரையில் சிந்திய தண்ணீர், வழியில் நீட்டிய கால். வாங்குகிறபோது நமக்கு வேண்டியவை. வாங்கி முடித்ததும் அப்புறப்படுத்த வேண்டியவை.

*

இனி ஒரு கணக்குக்காரியைப் பார்ப்போம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர் பெண் வருகிறாள். இருள் பிரியுமுன் எழுந்து தயிர் கடைகிறாள். சும்மாட்டின் மேல் மோர்ப்பானையை வைத்து ஊருக்குள் கொண்டுபோய் விற்கிறாள். மோர் விற்றுக் கிடைத்ததில் சுற்றத்துக்கெல்லாம் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுக்கிறார்கள். அவள் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக எருமையும் பசுவும் கன்றும் வாங்கிக்கொள்கிறாள்.

மோர் அன்றாடச் செலவுக்கு, நெய் முதலுக்கு என்று அவள் பிரித்து வைத்திருக்கிறாள். பொன் பெட்டியில் கிடக்கும், எருமை கன்று போடும் என்பது அவளுக்குத் தெரியும். எதை வாங்குவது, எதை மறுப்பது என்ற முடிவு அவளுடையது. பாட்டில் அவள் கணவன் பெயரோ, அவன் அனுமதியோ குறுக்கே வரவில்லை. தமிழில் ஒரு சிறு வணிகப் பெண்ணின் முதலீட்டு முடிவு இவ்வளவு துல்லியமாகப் பதிவானது பெரிய விஷயம். நம் பாடத்திட்டத்தில் இந்த வரிகள் 'முல்லை நில மக்களின் உணவும் தொழிலும்' என்ற தலைப்பின் கீழ் அடங்கிவிடுகின்றன.

அந்த ஆயர் மகளிடமிருந்து நேராக என் பூக்கார அக்காவிடம் வருகிறேன். லாரி வந்து போன பிறகு, இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடை ஓரத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். பதினொரு ஆண்டுகளில் முதல் முறையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்டேன். அவர் சிரித்தார். "இப்ப எதுக்கு டீச்சர் கணக்கு? பாடம் எடுக்கவா?" என்றார். பிறகு சொன்னார்.

பூச்சந்தைக்கு விடிவதற்கு முன்பே போயாக வேண்டும். அந்த நேரத்துக்கு இலவசப் பேருந்து இல்லை, ஷேர் ஆட்டோதான். மல்லிகை விலை சாதாரண நாளில் கிலோ நானூறு என்றால், முகூர்த்த நாளிலும் மார்கழிப் பனியில் வரத்து குறையும்போதும் இரண்டாயிரத்தைத் தாண்டும். "கிலோ நானூறு வித்தா முழம் முப்பது சொல்லுவேன். ரெண்டாயிரம் வித்தா நூத்தம்பதுன்னு சொல்ல முடியுமா? நீங்களே நூறுக்கு மேல வாங்க மாட்டீங்க." உண்மைதான். நான் வாங்கியதில்லை. அதனால் விலை ஏறும் நாளில் அவர் நெருக்கமாகக் கட்டுவதைத் தளர்த்திக் கட்டுகிறார். அளவு அவர் கையளவு. முழம் குறைய முடியாது, பூ குறையும். 'ஏமாத்துறாங்க' என்று நாம் முணுமுணுக்கிறோம். சந்தையின் விலையேற்றம் முழுவதையும் ஒரு பெண்ணின் விரல்கள் நாரில் பங்கிட்டுச் சமாளிக்கின்றன என்பது நமக்குத் தெரிவதில்லை.

முதலுக்குத் தண்டல். பத்தாயிரம் என்று பெயர்; கையில் தருவது எண்ணாயிரத்து ஐந்நூறு. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டும். மழை பெய்தாலும் நூறு, லாரி வந்தாலும் நூறு. தமிழ்நாட்டில் கந்து வட்டியைத் தடுக்க 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. தெரு வியாபாரிகளுக்கென்று 2020இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டத்தில், அது தொடங்கியபோது, முதல் கடனாகப் பத்தாயிரம் ரூபாய், ஏழு விழுக்காடு வட்டி மானியத்தோடு, ஈடு இல்லாமல் கிடைத்தது. அக்காவுக்கு அது தெரியும். ஆனால் வியாபாரி என்று சொல்ல ஒரு காகிதம் வேண்டும். "தண்டக்காரரு காகிதம் கேக்க மாட்டாரு. காலைல நாலு மணிக்கே குடுப்பாரு" என்றார்.

அவர் சொன்ன இன்னொரு செலவை நான் எந்தப் பொருளாதாரக் கட்டுரையிலும் படித்ததில்லை. கழிப்பறை. பக்கத்துக் கட்டணக் கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் காசு. காசைவிட, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவத்துக்குச் செலவழித்தது போன ஆண்டில் அவருடைய மிகப் பெரிய ஒற்றைச் செலவு.

*

இப்போது 'சீர்கேடு' என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் கையெழுத்திட்ட மனுவின் மையச் சொல் அது.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரைத் தெருவைக் காட்டுகிறார். யானை வருகிறது, குதிரை வருகிறது, தேர் வருகிறது, கள்ளுண்ட வீரர்கள் வருகிறார்கள். இந்த நான்கையும் கண்டு அஞ்சி, சரக்கோடு திரிந்து விற்பவர்கள் மலைபோன்ற மாடங்களின் நிழலில் ஒதுங்கி உட்கார்கிறார்கள். அவை போன பிறகு வெளியே வருகிறார்கள். அங்கேதான் சங்குபோல வெளுத்த நரைக்கூந்தலோடு முதிய பெண்கள், வீடு வீடாகப் பூவும் நறுமணப் பொருளும் விற்கிறார்கள்.

இந்தக் காட்சியில் தெருவின் ஒழுங்கைக் குலைப்பது யார்? விற்பவர்கள் இல்லை. அரசின் யானையும் அரசின் தேரும் அரசின் குடித்த வீரர்களும்தான். விற்பவர்கள் அந்தக் குழப்பத்துக்கு நடுவே பிழைக்கத் தெரிந்தவர்கள். மாடத்தின் நிழல் அவர்களுக்கு உதவுகிறது. யாரும் விரட்டியதாகப் பாட்டில் இல்லை.

என் தெருவுக்கு வருவோம். மாலை ஏழு மணிக்கு மேல் அக்கா பயப்படுவது மதுக்கடையிலிருந்து வருகிறவர்களுக்கு. பூவைத் தொட்டுப் பார்ப்பார்கள்; கையைத் தொடுவார்கள்; கடன் சொல்வார்கள்; ஒருமுறை கூடையை உதைத்துவிட்டுப் போனார்கள். அந்த மதுவை விற்பது அரசு. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசு நிறுவனத்தின் கையில். நல்ல வியாபாரம் நடக்கிற கடைசி இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டு அவர் ஏழு மணிக்கே கூடையைக் கட்டுகிறார். பூவில் மறுநாள் என்பது கிடையாது. அந்த இரண்டு மணி நேரம் அப்படியே நட்டம். இந்தச் சீர்கேட்டுக்கு எதிராக எங்கள் சங்கம் மனு எழுதவில்லை.

தெருவின் ஒழுங்கின்மையும் செலவும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் என்று நாம் பேசுகிறோம். தெருவில் விற்கும் பெண்ணுக்கு அவை ஒரே கணக்கின் இரண்டு பக்கம். பயந்து கடையைக் கட்டுவது செலவு. இடத்துக்கு யாருக்கோ கொடுக்கும் 'டீ காசு' செலவு. கடை வாசலில் உட்கார அனுமதித்த கடைக்காரருக்குத் தரும் தினவாடகை செலவு. லாரி வரும் என்ற பயத்தில் நாலு கிலோவுக்குப் பதிலாக இரண்டு கிலோ மட்டும் வாங்குவது, எழுதப்படாத செலவு. நாளை இதே இடத்தில் இருப்போமா என்று தெரியாத ஒருத்தி பொன்னை மறுத்து எருமை வாங்க முடியாது. அந்த ஆயர் மகளுக்கு இருந்த ஒன்று இவருக்கு இல்லை: நாளையும் இந்தத் தெருவுக்கு வரலாம் என்ற உறுதி.

சட்டம் இதை அறியாததல்ல. நடைபாதையில் வியாபாரம் செய்வது, முறைப்படுத்தலுக்கு உட்பட்டு, அரசமைப்பு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று 1989இலேயே சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது. அகற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளை எடுத்தால் பட்டியல் தர வேண்டும் என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாணவிகள் இந்தச் சட்டத்தை ஓர் இலக்கியப் பிரதியைப்போல வாசிக்க வேண்டும் என்பேன். 'ஆக்கிரமிப்பாளர்' என்று தெருமொழி சொல்கிறவளை அது 'தெரு வியாபாரி' என்று அழைக்கிறது. ஒரு படை இன்னொரு நாட்டுக்குள் நுழைவதற்கும், இரண்டடித் தரையில் ஒரு பூக்கூடை இருப்பதற்கும் நாம் ஒரே சொல்லை, ஆக்கிரமிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பதை அப்போதுதான் உணர முடியும்.

அந்தச் சட்டத்திலும் ஒரு விடுபடல் உண்டு. அழுகக்கூடிய பொருளைப் பறிமுதல் செய்தால், கட்டணம் செலுத்தியதும் அன்றே திருப்பித் தர வேண்டும் என்கிறது. அக்காவுக்குத் தந்தார்கள். பட்டியல் இல்லை, முன்னறிவிப்பு இல்லை, பூ மட்டும் இரவு ஒன்பதரைக்குத் திரும்பி வந்தது. "பூவக் குடுத்துட்டாங்க டீச்சர். அதுக்குள்ள அது பூவா இல்ல." சட்டம் நாளால் அளக்கிறது. மல்லிகை மணியால் வாடுகிறது. மூன்றில் ஒரு பங்கு பெண்கள் குழுவில் உட்கார வேண்டும் என்பதன் பொருள் இதுதான். மல்லிகை எத்தனை மணிக்கு வாடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

*

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு. என் அம்மாவுக்கு நடக்க இடம் வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் வேண்டும். கடை வைத்திருக்கிறவர்களும் வாடகை, மின்கட்டணம், சொத்து வரி, ஜிஎஸ்டி என்று திணறுகிறார்கள். எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை நடத்தும் பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி பயம். 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை அன்றுதான் மாறும். கடைக்கு நேர் எதிரே தள்ளுவண்டியில் அதே இட்லி மலிவாக விற்றால் அவர் எரிச்சல்படுவதில் தவறில்லை. ஏழைப் பெண்ணும் அவளைவிட ஏழைப் பெண்ணும் ஒரே அடி இடத்துக்காக மோதிக்கொள்ளும்படி தெரு வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா தடுக்கி விழுந்தது பூக்கூடையில் அல்ல. நடைபாதையின் மேல் ஒரு ஜவுளிக்கடை கட்டியிருந்த சாய்தளத்தின் விளிம்பில். அதைத் தாண்ட முடியாமல் இறங்கியபோது, வரிசையாக நிறுத்தியிருந்த இருசக்கர வாகனங்களுக்கு நடுவே கால் இடறியது. அது எனக்கு அன்றே தெரியும். அம்மாவே சொன்னார். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். சாய்தளம் சிமெண்டால் ஆனது, அகற்றச் சொன்னால் வழக்கு வரும். கூடையை எடுக்க லாரி போதும். நான் கற்ற கல்வியும் நான் எழுதும் கவிதையும், எளிதில் அகற்றக்கூடியவளைத் தேர்ந்துகொள்வதிலிருந்து என்னைத் தடுக்கவில்லை.

இது என் தெருவின் கதை மட்டுமல்ல. 2023 ஏப்ரலில் சென்னை நொச்சிக்குப்பம் இணைப்புச் சாலையில் மீன் விற்பவர்கள் போக்குவரத்துக்கு இடையூறு என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அகற்றும் வேலை தொடங்கியதும் மீனவப் பெண்கள் மீன்களோடு சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது எளிய கேள்வி: எங்கள் குப்பத்துக்குள் சாலை வந்ததா, சாலைக்குள் நாங்கள் வந்தோமா? அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அங்கேயே 366 கடைகளோடு நவீனச் சந்தை திறக்கப்பட்டது. கூரையும் தண்ணீரும் கிடைத்தன. அது அந்தப் பெண்களின் போராட்டத்துக்குக் கிடைத்த பலன். ஆனால் காரை ஓரமாக நிறுத்தி, இறங்காமலே மீன் வாங்கிப் போகிறவர்கள் உள்ளே நடந்து வருவார்களா என்பதும் வியாபாரக் கணக்கில் சேரும். வாடிக்கையாளர்களும் விற்பவர்களும் பழக்கமாகக் கூடுமிடத்தை 2014ஆம் ஆண்டுச் சட்டம் 'இயற்கைச் சந்தை' என்று மதிக்கிறது. தெருவில் ஓர் இடம் என்பது வெறும் தரை அல்ல, ஆண்டுக்கணக்கில் சேர்த்த முகப்பழக்கம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளிப் போன அக்காவுக்குப் பழைய வாடிக்கையில் பாதிகூட வரவில்லை.

*

என் முதல் கவிதைத் தொகுப்பில் ஒரு பூக்காரப் பெண் இருக்கிறார். நாரைச் சுற்றும் விரல்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். மலர்களைக் கட்டிக் கட்டித் தான் சூடாத விதவை என்று முடித்திருக்கிறேன். பலர் பாராட்டினார்கள். ஒரு கல்லூரியில் பாடமாகவும் இருந்தது. அந்தக் கவிதையில் கிலோ விலை இல்லை, தண்டல் இல்லை, தண்ணீர் குடிக்காத காலை இல்லை. அவர் விதவை என்பதுகூட என் கற்பனை. அக்காவின் கணவர் இருக்கிறார், இரவுக் காவல் வேலைக்குப் போகிறார். அவர் எனக்கு ஓர் உவமையாக வேண்டியிருந்தார். அம்மூவனாரின் தலைவனுக்குக் கயல்மீன் கண். எனக்கு நார் சுற்றும் விரல். பெண் எழுத்து என்ற பெயரில் நானும் அவரைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறேன், பக்கத்தில் உட்காரவில்லை.

மனுவிலிருந்து என் பெயரை விலக்கிக்கொள்வதாகச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அதனால் எதுவும் மாறிவிடவில்லை; சிலர் பேசுவதை நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் கணக்கெடுப்பு எப்போது நடந்தது, விற்பனைக் குழுவில் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் கடைசியாக எப்போது கூடினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். எழுதிக் கொடுத்தது அந்த மாணவி. அவளுடைய கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

இதை வாசிக்கிற மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். தெருவில் விற்கும் பெண் வருகிற எந்தப் பாட்டை, கதையை, படத்தை ஆய்வுக்கு எடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சரக்கை எங்கே, என்ன விலைக்கு வாங்கினாள்? முதல் யாருடையது? அவளை யார் மிரட்டுகிறார்கள்? அன்றைக்கு விற்றாளா? பிரதியில் பதில் இல்லையென்றால், இல்லை என்று எழுதுங்கள். அந்த இல்லாமையும் ஆய்வு முடிவுதான்.

அடுத்த ஆண்டும் 140ஆம் பாட்டை நடத்துவேன். கயல்மீன் உவமையைச் சொல்வேன், அது நல்ல உவமை. பிறகு அந்த மாணவியின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவேன். அந்தப் பெண் விற்றாளா என்பது எனக்குத் தெரியாது. அன்று மழை பெய்திருக்கலாம். நெல் கொடுத்தவர்கள் அளவைக் குறைத்திருக்கலாம். கண்ணைப் பார்த்தவன் ஒருபிடி உப்பும் வாங்காமல் போயிருக்கலாம். ஆனால் மறுநாளும் அவள் அந்தத் தெருவுக்கு வந்திருப்பாள். 390ஆம் பாட்டிலும் அதே விலையைக் கூவிக்கொண்டு வருகிறாளே.